மட்டக்களப்பில் ஒரு ஸ்பிட்ஃபயர்: உப்புக்காற்றிலும் கச்சான் காற்றிலும் வைத்து ஓட்டும் முறை

என்னிடம் இருப்பது 1968இல் செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, மேலே துணிக்கூரை மடிக்கிற சின்னக் கார். கல்லடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள் நிற்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது பதுளைப் பக்கத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனதைப் பெரியப்பா வாங்கினார். அவரிடமிருந்து எனக்கு வந்தது. நான் பௌதிகவியல் படிப்பிக்கிற ஆள். ஒரு பொருளை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று விளங்காமல் அதில் ஸ்பானர் வைக்க எனக்கு மனம் வராது. இந்தக் காருக்கு அந்தக் குணம்தான் கைகொடுத்தது.

"வீட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடக்கிறது, எடுத்து ஓட்டலாமா?" என்று இளம் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். ஓட்டலாம், தாராளமாக ஓட்டலாம். ஆனால் இன்றைய காரைப் பராமரிப்பது போல இதைப் பராமரித்தால் முதலில் முன்சக்கரம் கழன்று படுக்கும், பிறகு நடு உடல் இறங்கும். ட்ரையம்பின் இன்னொரு காரான ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

எல்லா வினோதத்துக்கும் தாய் ஹெரால்ட்

1950களில் மற்றக் கம்பனிகள் சேசியும் (அடிச்சட்டம்) உடலும் ஒன்றாக இருக்கிற கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட் ட்ரையம்புக்கு உடல் செய்து கொடுத்த கம்பனியைப் போட்டிக் கம்பனி வாங்கிவிட்டது. அதனால் 1959இல் வந்த ஹெரால்டைத் தனிச் சேசியின் மேல், துண்டு துண்டாகப் பூட்டுகிற உடலோடு செய்தார்கள். வடிவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தச் சேசியைக் கட்டையாக்கி, அவரே வரைந்த இருவர் காரை அதன்மேல் வைத்தார்கள். 1962 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் வெளியே வந்தது. 1980 வரை செய்தார்கள், மூன்று இலட்சத்துக்கு மேல்.

முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறப்பது, முன்சக்கரம் திரும்பும் விசித்திரமான பித்தளைப் பூட்டு, பின்சக்கரம் காலை மடிப்பது போல மடிவது, ஒரு மாட்டு வண்டிப் பாதைக்குள்ளும் திரும்பிவிடுகிற ஸ்டியரிங் எல்லாமே ஹெரால்ட் கொடுத்த சீதனம். ஒன்றே ஒன்று ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் உரியது. அது கதவுக்குக் கீழே இருக்கிறது. நமது கடற்கரையில் அதுதான் உயிர்நிலை என்பதால் அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்பானர் பெட்டி முதலில்

ஜப்பான் காருக்கு வைத்திருக்கிற மில்லிமீற்றர் ஸ்பானர் இதற்குச் சரிவராது. இதன் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். 13ஆம் நம்பர் ஸ்பானர் அதில் ஏறும், ஆனால் ஆடும். இரண்டு மூன்று தரம் அப்படித் திருகினால் நட்டின் மூலை உருண்டுவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். 7/16, 1/2, 9/16 மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். கராஜுக்குக் கொண்டுபோனாலும் உங்கள் பெட்டியைக் கூடக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பொனட்டைத் திறப்பது

மட்கார்ட், லைட், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே துண்டு. பின்மூலையில் இரு பக்கமும் வெளியே பூட்டு இருக்கிறது. இரண்டையும் கழற்றி, சக்கர வளைவில் பிடித்து மெதுவாக முன்னுக்குச் சாய்க்க வேண்டும். திறந்தால் எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரச் சட்டங்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். முன் டயரில் ஏறி இருந்துகொண்டே காபரேட்டர் வேலை பார்க்கலாம். எந்தக் காரிலும் இந்த வசதி எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று விஷயம் கவனியுங்கள். சுவரோடு மூக்கை ஒட்டி நிறுத்தினால் பொனட் சாய இடம் இருக்காது. மூடும்போது நடுவில் கைவைத்து அமுக்கினால் தகரம் குழியும். இரண்டு பின்மூலையிலும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பூட்டுங்கள். மூன்றாவது கச்சான். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கே இருந்து அடிக்கிற அந்தக் காற்று திறந்திருக்கிற பொனட்டின் உள்பக்கத்தைப் பிடித்தால் பிணைச்சலே வளைந்துவிடும். அந்த நாட்களில் நான் காரின் மூக்கை வாவிப்பக்கம் வைத்து, தாங்கு கம்பி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே விடுவேன்.

முன்சக்கரத்துக்குக் கிறீஸ் அல்ல, ஒயில்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். உயிர் சம்பந்தப்பட்டது.

முன்சக்கரத்தைத் தாங்குகிற நிற்கும் தண்டு உருக்கினால் ஆனது. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்கிற பித்தளைக் குப்பிக்குள் திருகி இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்தக் குப்பிக்குள் மரையோடு சுழல்கிறது. அதாவது காரின் முன்பாரம் முழுவதும் ஒரு திருகாணி மரையின் மேல் நிற்கிறது. அந்த மரையின் நடுவிலும் அடியிலும் எப்போதும் ஒயில் நிற்க வேண்டும் என்பது இதைச் செய்தவர்களின் கணக்கு. 90ஆம் நம்பர் கியர் ஒயில், இ.பி. 90 என்று எழுதியிருக்கும். கிறீஸ் தடிப்பானது. மேலே பூசிக்கொண்டு நிற்குமே தவிர மரைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் போய் அடைபடும், உருக்குத் தண்டில் கறள் பிடிக்கும், ஒரு நாள் மரை தொடங்குகிற இடத்தில் முறியும். முறிந்தால் சக்கரம் வெளியே மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் இது மெதுவாக ஓடும்போது, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வெட்டும்போதுதான் நடக்கும். அதை நம்பி இருக்க முடியாது.

நமது ஊர்க் கராஜ்களில் இதைப் பார்த்தவுடன் கிங்பின் (பழைய கார்களில் முன்சக்கரம் திரும்புகிற தடித்த ஆணி) என்று நினைப்பார்கள். பழைய மொறிஸ், ஒஸ்டின் எல்லாவற்றுக்கும் கிங்பின்னுக்குக் கிறீஸ் அடித்துப் பழகிய கை. காத்தான்குடியில் நான் கொண்டுபோகிற கராஜ் நானா (முஸ்லிம் அண்ணனை இங்கே நானா என்போம்) நல்ல வேலைக்காரர். அவரும் முதல் நாள் கிறீஸ் துப்பாக்கியோடுதான் வந்தார்.

"கிங்பின்தானே டீச்சர், ரெண்டு பம்ப் அடிச்சா சரி."

"இல்ல நானா, இதுக்கு நைன்ட்டி ஒயில்."

"ஒயில் வழிஞ்சி போகுமே?"

"வழியட்டும். மேலால வழிஞ்சாத்தான் உள்ளுக்கு முழுக்கப் போனது தெரியும்."

அவர் ஒரு தரம் கழற்றிப் பார்த்தார். மரையைக் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு ஹெரால்ட் வருகிறவர்களுக்கு அவரே வகுப்பு எடுக்கிறார்.

செய்கிற முறை இதுதான். காரை ஜக் அடித்துத் தாங்கியில் நிறுத்துங்கள். வெறும் ஜக்கில் நம்பிக் கீழே போகக் கூடாது. ட்ரனியனில் இருக்கிற சின்ன அடைப்பு ஆணியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு கிறீஸ் நிப்பிளைப் பூட்டுங்கள். கிறீஸ் துப்பாக்கி ஒன்றை நன்றாகக் கழுவி, அதற்குள் 90ஆம் நம்பர் ஒயில் விட்டு, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒழுகும், கீழே பழைய சாக்கு விரித்தால் போதும். சக்கரத்தை இடமும் வலமும் முழுதாகத் திருப்பித் திருப்பி அடியுங்கள். மேல் ரப்பர் வளையத்தின் ஓரத்தால் புது ஒயில் தெளிவாக வழிகிற வரைக்கும் விடக் கூடாது. முதலில் வருவது கறுப்பாக, சில நேரம் தண்ணீர் கலந்து வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெளியே வருவதுதான் நமக்கு வேண்டும். கம்பனிக் கையேடு 6,000 மைலுக்கு ஒரு தரம் என்கிறது. இங்கே நான் மாரி தொடங்க முதல் ஒன்று, மாரி முடிந்த பிறகு ஒன்று, நடுவில் வெள்ளத் தண்ணீர் பட்டால் உடனே ஒன்று என்று வைத்திருக்கிறேன்.

ட்ரனியன் மாற்ற வேண்டி வந்தால், இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிர் எதிர்ப் பக்கம் சுற்றுபவை. மாற்றிப் பூட்ட வராது, பலவந்தம் பண்ணவும் கூடாது. முழுதாகத் திருகி இறக்கிய பிறகு ஒரு சுற்றுக்குள் திருப்பி எடுத்து விடுங்கள். அல்லாவிட்டால் ஸ்டியரிங் முழுதாக வெட்டும்போது மரை அடியில் முட்டும்.

பின்சக்கரம் மடிவது நோய் அல்ல

பின்னால் இரு சக்கரத்துக்கும் குறுக்காக ஒரே ஒரு பட்டை வில். ஒவ்வொரு பக்க அச்சுக்கும் உள்பக்கத்தில் மட்டும்தான் மடிகிற குறோஸ் ஜொயின்ட். அதனால் சக்கரம் மேலே போனால் ஒரு சாய்வு, கீழே வந்தால் எதிர்ச் சாய்வு. ஜக்கில் ஏற்றினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே இழுத்தபடி தொங்கும். இறக்கிய பிறகும் பின்பக்கம் தூக்கியபடியே நிற்கும். டயர்க் கடையில் இதைக் கண்ட பையன் ஒருவன் "நானா, அச்சு உடைஞ்சி போயிட்டு!" என்று கத்தினான். ஒன்றும் உடையவில்லை. நாலைந்து மீற்றர் தூரம் முன்னும் பின்னும் தள்ளினால் டயர் விரிந்து தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். கார் அந்த நிலையில் இருக்கும்போது சக்கர ஒழுங்கு பார்க்க விடாதீர்கள், கணக்கு முழுதும் பிழைக்கும்.

ஓட்டும்போது இதில் ஒரு சட்டம் இருக்கிறது. வேகமாக வளைவுக்குள் போய், நடு வளைவில் பயந்து அக்சிலேட்டரை விட்டால் அல்லது பிரேக் பிடித்தால், பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் அடிமடிந்து ரோட்டைப் பிடிக்கிற பரப்பு குறையும். அந்த நிமிடத்தில் பின்பக்கம் வெளியே ஓடிவிடும். எனவே வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறையுங்கள். கியரையும் அப்போதே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கால் லேசாக, ஒரே அளவில் அக்சிலேட்டரில் இருக்கட்டும்.

மட்டக்களப்பில் இருந்து கல்முனை வரைக்கும் நேர் ரோட், இந்தப் பாடம் தேவைப்படாது. ஆனால் செங்கலடி, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள், திரும்பி வரும்போது மலை ரோட்டின் பதினெட்டு வளைவை இறங்குவதற்கு முன் இதைக் காலுக்குப் பழக்கியிருக்க வேண்டும். ஏறுவது சுகம். இறங்கும்போதுதான் கால் தானாக பிரேக்குக்கு ஓடும். 1970இல் வந்த மார்க் 4இல் பட்டை வில்லை நடுவில் அசையும்படி மாற்றி இந்தக் குணத்தை நன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தியது உங்களிடம் இருந்தால் மழையில் இரட்டிப்பு நிதானம் வேண்டும்.

காற்று அடிக்கும்போது கடைக்காரர் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார். இந்தக் காருக்கு முன்னுக்குக் குறைவு, பின்னுக்குக் கூட. கையேட்டில் உள்ளதைச் சின்ன மட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கதவுக்குக் கீழே இருக்கிற முதுகெலும்பு

ஹெரால்டின் சேசிக்குப் பக்கவாட்டுச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயருக்கு அவற்றை எடுத்துவிட்டார்கள். கார் தாழ்வாக இருக்க வேண்டும், ஆட்கள் சேசிக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார வேண்டும் என்பதற்காக. அந்தப் பலத்தைக் கதவுக்குக் கீழே முன்சக்கரத்தில் இருந்து பின்சக்கரம் வரைக்கும் ஓடுகிற தகரப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். சில் என்பது அதன் பெயர். வெளித்தகரம், நடுவில் ஒரு பலத்தகடு, உள்தகரம் என்று மூன்று பட்டை. மேலே கூரையும் இல்லாத காரில் இந்த இரண்டு பெட்டியும் பழுதாகினால் உடல் நடுவில் இறங்கும். பின்சக்கரத்தை முன்பின் அசையாமல் பிடிக்கிற கம்பிகளும் இருக்கைக்குப் பின்னால் உடலில்தான் பூட்டியிருக்கின்றன. அந்த இடம் இற்றுப்போனால் கார் தானாக ரோட்டில் திசை மாறும்.

கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடி போன்ற இடங்களில் கறள் வெளியே தெரிய முதல் உள்ளே வேலையை முடித்துவிடும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பெட்டிக்குள் ஈரம் நின்றால் அது காய்வதே இல்லை. சில்லின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். பெயின்ட்காரர்கள் அவற்றைத் தார் பூசி அடைத்துவிடுவார்கள். கம்பி ஒன்றால் குத்தி ஒவ்வொரு ஓட்டையையும் திறந்து வையுங்கள். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கறள் தடுக்கிற மெழுகை நீளக் குழாயால் பெட்டிக்குள் விடுங்கள். கடற்கரைக் கிணறு பலதும் உவர். அந்தத் தண்ணீரில் காரைக் கழுவ வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் முழுவதும் இழுத்துக்கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடுத்தது, கதவை மூடிவிட்டு அதன் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கியும் கீழே அகலமாகவும் இருந்தால் நடு இறங்கியிருக்கிறது. கதவைத் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருந்தாலும் அதே கதைதான். மினுமினுப்பான பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். என்னைக் கேட்டால், ஓடாத எஞ்சினோடு நல்ல சில் உள்ள காரை எடுப்பேன். நன்றாக ஓடுகிற எஞ்சினோடு இற்ற சில் உள்ளதை எடுக்க மாட்டேன்.

சில் மாற்றுகிற டிங்கர் பாஸிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள். பழையதை வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து உடலை இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடித்து, கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபக்கம். வெளித்தகரத்தை மட்டும் மேலால் ஒட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நடுத்தகட்டில்தான் பலம் இருக்கிறது.

சூடு

1296 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யு. காபரேட்டர், புதிதில் 75 குதிரைவலு. இந்த எஞ்சினில் காபரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. ஓடும்போது காற்று அடித்துப் போகும். நிறுத்தினால் கீழே இருந்து சூடு ஏறிக் காபரேட்டர்க் கிண்ணத்துப் பெற்றோலைக் கொதிக்க வைக்கும். பத்து நிமிடம் கடைக்குப் போய் வந்து ஸ்டார்ட் அடித்தால் பிடிக்காது. பற்றறியைக் குற்றம் சொல்லாதீர்கள். நிறுத்தியவுடன் பொனட்டின் பூட்டைக் கழற்றிக் கொஞ்சம் தூக்கி விட்டால் சூடு மேலால் போய்விடும். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு கடத்தாத தடித்த இடைத்தகடு இருக்கிறதா பாருங்கள். பெற்றோல் குழாயை எஞ்சினில் முட்டாமல் விலக்கிக் கட்டுங்கள். பெற்றோல் பம்பின் அடியில் கையால் அடிக்கிற சின்ன நெம்பு இருந்தால், சூட்டில் நின்ற கார் பிடிக்க முதல் அதைச் சில தரம் அடியுங்கள்.

காத்தான்குடி பிரதான வீதியில், ஈச்ச மரங்களுக்குப் பக்கத்தில் பின்னேர நெரிசலில் ஊர்ந்துபோவதுதான் இந்தக் காருக்குப் பெரிய சோதனை. றேடியேட்டரின் இரு ஓரத்திலும் காற்று தப்பிப் போகிற இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தேன்; முன்னால் நுழைகிற காற்று எல்லாம் றேடியேட்டர் வழியாகவே போக வேண்டும். அதில் கிடைத்த வித்தியாசம் பெரிது. சூடு காட்டுகிற ஊசி ஏறினால், ஹீட்டர் பூட்டியிருந்தால் அதைத் திறந்து விடுங்கள். உங்களுக்கு வேர்க்கும், எஞ்சின் தப்பும்.

95 ஒக்டேன் போடுங்கள். இதன் அமுக்க விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. 92 போட்டால் ஏற்றத்தில் தட்டுகிற சத்தம் வரும். ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்த எஞ்சின் என்பதால் வால்வு இருக்கை மெதுவாகத் தேயலாம். வால்வு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீற்றர், குளிர்ந்த எஞ்சினில். அது அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை எஞ்சின் தலை கழற்றும்போது லேத்தில் கடின இருக்கை போட்டுக்கொள்ளலாம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பொயின்ட் 0.015.

கிளச்சை மிதித்துக்கொண்டு நிற்கக் கூடாது. றெயில்வே கேற்றடியில் நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுங்கள். இந்த எஞ்சினில் கிராங்க் தண்டு முன்பின் ஓடாமல் பிடிப்பது இரண்டு அரைவட்ட வளையங்கள்தான். கிளச் மிதிக்கிற ஒவ்வொரு தரமும் அதில் பாரம். ஒருவர் கிளச்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் முன்னால் கிராங்க் தண்டின் கப்பியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிய முன்பின் போனால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். வளையம் மலிவு, ஒயில் தட்டைக் கழற்றியே மாற்றலாம். விட்டுவிட்டால் அது கழன்று விழுந்து எஞ்சின் உடலையே தின்றுவிடும்.

மாரி

ஐப்பசி முதல் தை வரைக்கும் இந்தக் காரை நான் குறைவாகத்தான் எடுக்கிறேன். துணிக்கூரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணாடி மூலையால் தண்ணீர் வரும். விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பழைய சணலைக் கழற்றி எறியுங்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்துத் தரையை அரித்துவிடும். ரோட்டில் நிற்கிற வெள்ளம் சில்லின் அடியைத் தொடும் என்றால் திரும்பிப் போங்கள். திரும்புவதற்கு ஏழு மீற்றர் சொச்சம் அகலம் போதும். புளியந்தீவின் ஒடுங்கிய தெருவிலேயே நான் ஒரே வெட்டில் திரும்பி வந்திருக்கிறேன்.

பிளாஸ்ரிக் சீற்றால் மூடவே வேண்டாம். உள்ளே வேர்த்து, மூடாமல் விட்டதை விடக் கூடக் கறள் பிடிக்கும். கிடுகுக் கொட்டில் நல்லது, காற்று போய்வரும். தரை மட்டும் சீமெந்தாக இருக்கட்டும்.

சின்னச் சின்ன வினோதங்கள்

வேகமானி முதலான மணிக்கூடுகள் எல்லாம் டாஷ்போட்டின் நடுவில் இருக்கின்றன. இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங் இரண்டு வகைக்கும் ஒரே பலகை போதும் என்பதற்காக. பக்கத்தில் இருக்கிறவருக்கும் வேகம் தெரியும். அது மைலில் காட்டும், நினைவில் வையுங்கள்.

பெற்றோல் மூடி கூரைக்கும் டிக்கிக்கும் நடுவில், மேலே இருக்கிறது. ஷெட்டில் பையன்கள் இரண்டு பக்கமும் தேடுவார்கள். இறங்கி நீங்களே காட்டுங்கள், மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள், ஒரு துணியைச் சுற்றி விரியுங்கள். வேகமாக அடித்தால் திரும்பி எத்திப் பெயின்ட்டில் விழும்.

மார்க் 3இல் பற்றறியின் எதிர் (மைனஸ்) முனை உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார் போல. மார்க் 1, 2 நேர்மாறு. பழைய ஒன்றுக்கு ரேடியோ பூட்டப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

சாமான் தேடுவது

முதலில் ஹெரால்ட் என்று கேளுங்கள், ஸ்பிட்ஃபயர் என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். முன்சக்கரச் சாமானில் பெரும்பகுதியும், ஸ்டியரிங்கில் பலதும் இரண்டுக்கும் ஒன்று. சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பனி 1960களில் ஹெரால்டை அங்கேயே செய்தது. அதனால் பழைய இந்தியச் சாமான்கள் இன்னும் சுற்றுகின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பொறுமையாகக் கடை கடையாக ஏறி இறங்கினால் கிடைக்கும். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

கஸ்கட், காபரேட்டர் கிட், பொயின்ட், கொண்டென்சர், ரப்பர் புஷ் போன்ற பாரமில்லாத சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட லண்டனில் இருந்து வருகிற மச்சாளிடம் வைகாசியிலேயே பட்டியலைக் கொடுத்துவிடுவேன். ட்ரனியன் ஒரு சோடியும் அந்தப் பெட்டிக்குள்தான் வந்தது. பிரேக் எண்ணெய் கொண்டுவரச் சொல்லக் கூடாது. டொட் 4 இங்கேயே கிடைக்கும்.

வாங்கும்போது பதிவுப் புத்தகத்தையும் காரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்க் 3இன் சேசி இலக்கம் எஃப்.டி. என்று தொடங்கும். எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். பழைய கார் பலவற்றில் எஞ்சின் மாறியிருக்கும், புத்தகம் மாறியிருக்காது. அதை விற்கிறவரைக் கொண்டே திருத்துவித்த பிறகு காசைக் கொடுங்கள்.

கல்யாணத்துக்குக் கேட்பார்கள். ஊரில் இப்படி ஒரு கார் இருக்கிறது என்று தெரிந்தால் வருடம் முழுக்கக் கேட்பார்கள். நான் சொந்தக்காரருக்குக் கொடுப்பேன், ஓட்டுவது நானாக இருந்தால். ஊர்வலம் நடைவேகத்தில் போகும், மேளம் நிற்கிற இடமெல்லாம் கார் நிற்கும், இந்த எஞ்சினுக்கு அதை விடக் கஷ்டமான ஓட்டம் கிடையாது. சோடிக்கிறவர்கள் பூச்சரத்தைப் பொனட்டுக்கு மேலால் குறுக்கே இழுத்து இரண்டு பக்கப் பூட்டிலும் முடிச்சுப் போடப் பார்ப்பார்கள். அந்தப் பூட்டில் நூல் கூடக் கட்ட விடாதீர்கள், றேடியேட்டர் வாயையும் பூவால் மறைக்க விடாதீர்கள். பூ முழுவதையும் டிக்கியிலும் கதவிலும் கட்டச் சொல்லுங்கள். மணவறைக்கு முன்னால் நிறுத்தி மாப்பிள்ளை பொம்பிளை இறங்கியவுடன், படம் எடுத்து முடிய, பொனட்டின் பூட்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.